மூன்றாவது சீட்டு

அன்பு மகள் பாக்கியத்துக்கு,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. தபால்காரர் இந்தப் பாலகாட் சுரங்கத்து லைன் வீடுகளுக்குள் வந்து என் பெயரைக் கூப்பிட்டதும் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மகள் தார்வார்ச் சீமையிலிருந்து கடிதம் போட்டிருக்கிறாள் என்று நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் உள்ளே வந்தேன். படித்து முடித்தபோது அந்த நிமிர்வெல்லாம் போய்விட்டது. என் கடிதம் என்றால் முதல் பக்கம் முழுக்க ஸ்தோத்திரமும் ஆசீர்வாதமுமாக இருக்கும், விஷயம் கடைசியில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும் என்று உன் அம்மா கேலி செய்வாள். இந்தத் தடவை அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். அப்படி வருவதற்கே பதினோரு நாள் ஆகியிருக்கிறது.

உன் நாத்தனார் மகனுக்கு என் பேத்தி எஸ்தரைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக்காரர் நெஞ்சு இருமலோடு படுத்திருக்கிறார், முடிவு உன் தலையில் விழுந்திருக்கிறது, பெண்ணோ வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள். அதனால், "நைனா, நீங்கள் ஜெபம் பண்ணி, எனக்குப் பார்த்ததுபோல் எஸ்தருக்கும் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்து, கர்த்தர் சொன்னதை எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே, போகிற போக்கில் எழுதியதுபோல் இன்னும் இரண்டு வரி. "எனக்கு ஜெபத்தில் ஒன்றும் கேட்பதில்லை நைனா. முழங்கால் போட்டால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. உங்களுக்குக் கேட்கும், எனக்குத்தான் கேட்கவில்லை." எஸ்தரைப் பற்றி நீ எழுதிய ஒரு பக்கத்தைவிட இந்த இரண்டு வரிதான் என்னைப் பதினோரு நாள் உட்காரவிடாமல் பண்ணிற்று. மகளே, நான் எஸ்தருக்குச் சீட்டுப் போட மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ படித்த பிறகு எஸ்தரிடமும் கொடு, அவளும் படிக்கட்டும்.

என் ஜெபத்தைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, அதில் முழங்கால் தேய்ந்தவள் நீ. நான் ஆமென் சொல்வதற்குள் அடுப்பிலிருந்து இறக்கிய கூழ் ஆடை கட்டிவிடும். சுரங்கத்து ஷாப்ட் வாசலிலும் அப்படித்தான். கேஜில் ஏறி ஷிப்டுக்கு இறங்குவதற்கு முன் கிறிஸ்தவ ஆட்கள் ஓரமாக நிற்போம், நான் தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆரம்பிப்பேன். ஒருநாள், என்னோடு வெடி வேலை செய்த சின்னப்பன் பொறுக்கமாட்டாமல், "பெரியவரே, மீதிய கீழ லெவல்ல போயி சொல்லிக்கலாம் வாங்க, கேஜ் கெளம்புது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் கண்ணைத் திறக்காமல், பொறுமை இல்லாதவர்கள் குணப்படவும் ஒரு வேண்டுதலைச் சேர்த்துக்கொண்டேன். அதுதான் என் பழக்கம் பாக்கியம். யாரிடம் எதைச் சொல்ல வேண்டுமோ அதை அவரிடம் சொல்லமாட்டேன், அவர் காதில் விழும்படி ஆண்டவரிடம் சொல்வேன். நேராகச் சொன்னால் பதில் வரும். ஜெபத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாதே. உன் அம்மா உப்பு அதிகம் போட்டதும், நீ பிள்ளைகளோடு ஏரிக்கரைக்குப் போனதும் நம் வீட்டில் பரலோகம்வரை போய்த்தான் உங்களிடம் திரும்பி வந்தது.

திருவுளச்சீட்டு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. ஆற்காட்டுப் பக்கம் நம் ஊரில், உன் தாத்தா ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்னால், எந்தக் காரியத்துக்கும் மாரியம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பார்களாம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. நாங்கள் வேதத்துக்கு வந்த பிறகு பூவை விட்டோம், பொட்டலத்தை விடவில்லை. பூவுக்குப் பதில் காகிதம், அம்மனுக்கு முன்னால் போட்டதை வேதப்புத்தகத்துக்குள் வைத்தோம். அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சாக்கும் கிடைத்தது. ஒன்றில் 'சரி', ஒன்றில் 'வேண்டாம்', ஒரேமாதிரி மடித்து வைத்து, ஜெபித்து, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ஊரை விட்டு இந்தத் தங்கவயலுக்கு வந்ததே அப்படித்தான். ஆடு வாங்கலாமா என்றுகூடப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்கு 'வேண்டாம்' என்று வந்தது, ஒரே வார்த்தையில் கீழ்ப்படிந்துவிட்டேன். எனக்கு ஆட்டின்மேல் அவ்வளவு ஆசை இருக்கவில்லை.

உன் காரியத்தில் எனக்கு ஆசை இருந்தது. அப்போது உனக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. லைன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளை மண்ணில் எழுதவைத்துக்கொண்டிருந்தாய். நீ 'அ' எழுதிக்காட்டினால் அதற்கு ஒரு பெயர் வைப்பாய், ஒரு கதை சொல்வாய் என்று பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்வார்கள். அதைப் பார்த்துவிட்டு மிஷன் மிஸ்ஸியம்மா நம் வீட்டுக்கே வந்து, இவளை வேலூருக்கு அனுப்புங்கள், உபாத்தியாயினிப் படிப்புப் படிக்கட்டும் என்றார். அதே மாதம் சபை மூப்பர் தன் மகனுக்கு உன்னைக் கேட்டார். மகன் நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் கட்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. கை நீட்டுகிற கோபக்காரன் என்று உன் அம்மா காதில் விழுந்திருந்தது. என் காதிலும் விழுந்திருந்தது, ஆனால் நான் அதைக் கேட்டதாக வைத்துக்கொள்ளவில்லை. மூப்பருக்குச் சம்பந்தி ஆனால் சபையில் என் பேச்சு எடுபடும். அதற்குமேல் ஒரு பயமும் இருந்தது. வேலூருக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிற பெண், என் ஜெபத்துக்கு நடுவில் ஒருநாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிடுவாள் என்ற பயம். அதை அப்போது பயம் என்று நான் சொல்லவில்லை. ஜாக்கிரதை என்று சொன்னேன்.

ஒரு பேச்சுக்காக உன்னையும் கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, "நான் வேலூருக்குப் போறேன் நைனா" என்றாய். என் முகம் போன போக்கைப் பார்த்தாயோ என்னவோ, கொஞ்சம் பொறுத்து, "கர்த்தர் இன்னா சொல்றாரோ அத்த செய்யுங்க" என்றாய். முதலில் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மத்தியானம், தட்டி மறைப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். நீ பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கப் போயிருந்தாய். தட்டிக்கு அந்தப் பக்கம் உன் அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். மூப்பர் மகனுக்கு உன்னைக் கொடுக்கலாமா என்று கேட்டு ஜெபித்தேன், ஆமென் சொன்னேன், எடுத்தேன். 'வேண்டாம்' என்று வந்தது. முழு விசுவாசத்தோடு ஜெபிக்கவில்லை, மனம் அலைந்துவிட்டது என்று நினைத்து, மடித்து வைத்து மறுபடியும் ஜெபித்தேன். 'வேண்டாம்' என்றே வந்தது. சத்துரு குறுக்கே நிற்கிறான் என்று தோன்றிற்று. மூன்றாவது தடவை அழுது ஜெபித்தேன். அந்தக் கண்ணீர் பொய்க் கண்ணீர் இல்லை பாக்கியம், அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. மூன்றாவது சீட்டில் 'சரி' வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்த உன்னைத் தெருவிலேயே நிறுத்தி, "கர்த்தர் சொல்லிட்டாரும்மா" என்றேன். சீட்டை உன் கையில் கொடுத்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு, திருப்பி மடித்து, என்னிடமே கொடுத்தாய். உன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று நான் பார்க்கவில்லை.

இதுதான் நான் உன்னிடம் பதினேழு வருஷமாகச் சொல்லாதது. இரண்டு தடவை 'வேண்டாம்' என்று வந்தது. சீட்டில் கர்த்தர் பேசுவார் என்று நம்பியவன் நான். அந்த நம்பிக்கைப்படியே பார்த்தால்கூட அவர் சொன்னதை இரண்டு தடவை தள்ளினேன். சீட்டில் அவர் பேசுவதில்லை என்றால், மூன்றாவதையும் அவர் சொல்லவில்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது என் விருப்பம்தான்.

அன்று சாயங்காலம் உன் அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "உங்களுக்கு வெடி எண்ணத் தெரியும், எனக்கு ஆமென் எண்ணத் தெரியும். மூணு ஆமென் கேட்டுச்சி. ஒருவாட்டி கேட்டா பதில் சொல்றவர இன்னாத்துக்கு மூணுவாட்டி கேட்டீங்க?" நான் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு, முழங்கால் போடுவோம் என்றேன். சந்தேகம் என்னும் பாவத்திலிருந்து உம் அடியாளை விடுவியும் என்று அரைமணி நேரம் ஜெபித்தேன். அன்றிலிருந்து குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தால் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ஆமென் மட்டும் சொல்வாள். "அம்மா இன்னாத்துக்கு வாய்விட்டு ஜெபிக்கறதில்ல?" என்று நீ ஒருதரம் என்னைக் கேட்டாய். கூச்சம் என்று சொன்னேன். கூச்சமும் இல்லை ஒன்றும் இல்லை.

வெடி எண்ணுவது என்ன என்று உனக்குத் தெரியும், எஸ்தருக்காகச் சொல்கிறேன். பாறையில் எட்டுத் துளை போட்டு எட்டுத் தோட்டா வைத்தால், திரிகளைப் பற்றவைத்துவிட்டு எட்டப் போய் நின்று காதைக் கொடுத்து எண்ண வேண்டும். ஏழுதான் கேட்டது என்றால் ஒன்று வெடிக்காமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்துக்கு யாரையும் விடக்கூடாது. எட்டு என்று நான் வாயால் சொல்லிவிட்டால், அடுத்த ஷிப்டில் வருகிறவன் என் வார்த்தையை நம்பி அங்கேயே கடப்பாரையை வைப்பான். அவ்வளவு வருஷ வேலையில் நான் ஒருநாளும் ஏழு வெடியை எட்டு என்று சொன்னதில்லை. இரண்டு வெடி சேர்ந்து கேட்டமாதிரி சந்தேகம் இருந்தால்கூட, கேட்கவில்லை என்றே சொல்வேன். வேலை நிற்கிறது என்று சுரங்கத்துக் கேப்டன் துரை குதித்தாலும் அப்படித்தான் சொல்வேன். ஊரான் பிள்ளைகள் விஷயத்தில் அவ்வளவு யோக்கியனாக இருந்தவன், என் பிள்ளை விஷயத்தில் கேட்டதைக் கேட்கவில்லை என்றேன். நீ என் வார்த்தையை நம்பி உள்ளே போனாய்.

அதற்காவது, பெற்றவன் புத்தி கெட்டுச் செய்தான் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். அடுத்ததற்கு அதுவும் கிடையாது. எஸ்தர் கைக்குழந்தையாக இருந்தபோது, நீ அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நந்திதுர்க்கிலிருந்து பாலகாட்டுக்கு வெயிலில் நடந்தே வந்தாய். நான் ஷிப்டு முடிந்து அப்போதுதான் மேலே வந்து குளித்துக்கொண்டிருந்தேன். உன் இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. நீ உள்ளே வராமல் வாசற்படியில் நின்றபடியே, "நைனா, அன்னைக்கி சீட்டுல இன்னா வந்துச்சி?" என்று கேட்டாய். நான்தானே உன் கையில் கொடுத்தேன், உனக்கே தெரியுமே என்று நினைத்தேன். நீ வேறு ஏதோ கேட்கிறாய் என்பதும் எனக்கு விளங்கிற்று. உன் அம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தலையில் ஊற்றிய தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "சரின்னுதாம்மா வந்துச்சி" என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "கர்த்தர் வச்ச எடம்னா நான் இன்னா செய்யறது" என்று சொல்லிவிட்டு, உன் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்பிப் போனாய். அப்புறம் ஒருநாளும், தார்வார்ப் பக்கம் குடிபோனபோதுகூட, நீ எங்களிடம் எதையும் சொல்லி வரவில்லை. இங்கேயே இரு, நான் மூப்பரிடம் பேசுகிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கு வாய் வராதவன்தான் ஷாப்ட் வாசலில் கால்மணி நேரம் ஜெபித்தவன்.

உன் அம்மாவிடம் ஒரு கெட்ட வழக்கம் இருப்பதாக நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஜெபத்துக்கு நடுவில் எழுந்து போய்விடுவாள். ஒருநாள் காலையில் நான் மும்முரமாக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டு முனியம்மாவின் குழந்தை விடாமல் அழுதது. ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று நான் குரலை உயர்த்தினேன். கண்ணைத் திறந்தபோது உன் அம்மா இல்லை. முனியம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாளாம், குழந்தைக்கு முந்தின நாளிலிருந்து ஒன்றுமில்லையாம். இவள் கூழ் கரைத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் போகலாமா என்று கோபித்தேன். "நீங்க பேசிக்கினு இருந்தீங்க. நான் கேட்டுட்டுத்தான் போனேன்" என்றாள். அதையும் நான் எதிர்ப்பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். கேட்பது என்றால் என்ன என்று எனக்குச் சொல்ல அதைவிடச் சுருக்கமாக யாரால் முடியும், சொல்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் படுத்தபோது நீ வந்து பத்து நாள் இருந்தாய். நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்க ஆரம்பித்தேன். அவள் என் கையைத் தொட்டு, "கொஞ்ச நேரம் பேசாம இருங்க, நான் கேட்டுக்கினு கீறேன்" என்றாள். எனக்கு ரோஷம் வந்தது, ஆனாலும் பேசாமல் இருந்தேன். அப்படிப் பேசாமலிருந்தே ஒன்பது நாள் அவளோடு உட்கார்ந்திருந்தேன். என் ஆயுசில் அவளோடு சேர்ந்து நான் செய்த ஜெபம் அந்த ஒன்பது நாள்தான். ஒருநாள் அவளே, "பாக்கியத்துக்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். நீயே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்ன வாய்தான் சொல்லணும்" என்றாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவளை அடக்கம் பண்ணியபோது நீ வந்தாய், நாலு நாள் என்னோடு இருந்தாய். அப்போதும் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் ஜெபிக்கப் பழகிய கதை பெருமைக்குரியது இல்லை. அவள் உட்காருகிற பாயில் உட்கார்ந்து, ஒரே ஒரு வசனத்தை மெதுவாகப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்து பார்த்தேன். ஐந்து நிமிஷத்துக்குள் நாக்கு அரித்தது. வாய் மூடினாலும் உள்ளே ஒரே சந்தை: யார் என்னை மதிக்கவில்லை, யார் வீட்டுக் கோழி நம் வாசலைக் கிளறியது. பல நாள் அப்படியே போயிற்று. பிறகு அந்தச் சந்தை கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. வெடிச் சத்தத்தில் என் காது பாதி போய்விட்டது உனக்குத் தெரியும், இதற்கு அந்தக் காது வேண்டியிருக்கவில்லை. ஓய்ந்தபோது வசனமும் வரவில்லை, தரிசனமும் வரவில்லை. நீ வாசற்படியில் நிற்கிறதுதான் வந்தது. இடுப்பில் குழந்தை, வீங்கின கை. அடுத்த நாளும் அதேதான். வேறு எதையாவது நினைக்கப் பார்த்தால் போய்விடும், சும்மா இருந்தால் வந்துவிடும். இது தேவனுடைய சத்தமா என் மனச்சாட்சியா என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. என் குரலை எனக்குத் தெரியும். அது எனக்குச் சாதகமாகப் பேசும், நீட்டி முழக்கும், உடனே செய் என்று அவசரப்படுத்தும். இது அப்படியில்லை. என்னைத் திட்டவும் இல்லை, விடவும் இல்லை. இரண்டு வருஷமாக நான் எழுதாமல் இருந்ததற்கும் அது பொறுத்துக்கொண்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு, மனசுக்கு வலிக்கிறதெல்லாம் அவர் குரல் என்று முடிவு கட்டிவிடாதே. நீ அப்படிச் செய்கிறவள். இரண்டு வழி இருந்தால் கஷ்டமான வழிதான் கர்த்தருடைய சித்தம் என்று நினைக்கிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து வந்தது. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, உன் காதில் ஒரு பழுதும் இல்லை. பதினாறு வயசில் வேலூர் என்று உனக்குள்ளே ஒன்று சொல்லிற்று. அது யார் சொன்னதாக இருக்கும் என்று நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அதன்மேல் நான் என் குரலை அவர் பெயரில் போட்டு மூடினேன். நீ என் குரலை அவர் குரல் என்று நம்பினாய். நம்பி, அடி வாங்கினாய். தன்னை அடிக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தவரிடம் யாருக்குத்தான் காது கொடுக்கத் தோன்றும்? நீ கேட்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. நீ இன்னும் முழங்கால் போடுகிறாயே, அதுதான் ஆச்சரியம்.

எஸ்தர் விஷயத்துக்கு வருகிறேன். அவளை உட்காரவைத்து, என்ன நினைக்கிறாய் என்று கேள். உடனே பதில் வராது, நம் வீட்டுப் பெண்களுக்கு அது பழக்கமில்லை. பொறு. அவள் முதலில் ஒன்று சொல்லி, உன் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது ஒன்று சொன்னால், முதலில் சொன்னதைப் பிடித்துக்கொள். அவள் பேசி முடிக்கிறவரைக்கும் ஜெபம் பண்ணலாம் என்று சொல்லாதே. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பேசாமல் உட்காருங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஒன்றும் கேட்கவில்லை என்றே சம்பந்தம் பேச வந்தவர்களிடம் சொல்லிவிடு. கேட்காததைக் கேட்டதாகச் சொல்வதற்கு, காத்திருக்கச் சொல்வது எவ்வளவோ மேல். அதில் கோபித்துக்கொண்டு போகிற சம்பந்தம் போகட்டும். உன் வீட்டுக்காரரிடமும் இதைச் சொல், அவர் என்ன சொல்கிறார் என்றும் கேள். அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவரும் அந்தச் சீட்டை நம்பித்தான் உன்னைக் கட்டினார், அவருக்கும் நான் பொய் சொன்னவன்தான்.

என் கோணல் வழியிலும் ஆண்டவர் உன்னைக் கைவிடவில்லை, அதனால்தான் எஸ்தர் உனக்குக் கிடைத்தாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதியும் பார்த்தேன், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதை நீ சொல்லலாம், உன் அம்மா சொல்லியிருக்கலாம், நான் சொல்லக்கூடாது. குழியில் தள்ளினவனே குழியிலும் தண்ணீர் இருந்ததே என்று சொல்வது நியாயமில்லை. என்னை மன்னித்துவிடு என்றும் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நீ உடனே மன்னித்துவிடுவாய், அதுதான் உன் வழக்கம், அப்புறம் இந்தப் பேச்சு முடிந்துபோகும். இந்தப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடிய வேண்டாம்.

நீ என்மேல் ஒருநாளும் கோபப்பட்டதில்லை பாக்கியம். சின்ன வயசில்கூட இல்லை. நல்ல பிள்ளை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். கோபம் இல்லாமல் இருந்திருக்காது, என் முகவரிக்கு வரவில்லை, அவ்வளவுதான். அத்தனை வருஷக் கோபமும் யாரிடம் போயிற்று என்று உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரியைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதை ஆண்டவரிடமிருந்து எடுத்து எனக்கு அனுப்பிவிடு. உனக்கு எழுதத் தெரியும், எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது, மரியாதை இல்லாமல் எழுது. கடைசி வரிவரைக்கும் படிப்பேன், நடுவில் ஜெபம் பண்ணமாட்டேன். எழுத மனசில்லை என்றால் எழுதாதே. ஆனால் அடுத்த தடவை முழங்கால் போடும்போது, என் வாய் வழியாக அவர் உன்னிடம் இதுவரைக்கும் எதுவும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு போடு. அந்த வீட்டுக்குப் போ என்று உன்னிடம் அவர் சொல்லவில்லை அம்மா. நான்தான் சொன்னேன்.

உன் நைனா